பொத்தானை அழுத்துவது யார்?

இடுக்கி, பாலக்காடு மலைகளில் தங்கும் விடுதி நடத்துகிறவர்களுக்கு இன்டர்நெட் விளம்பரம் கிளிக்குக்குக் கிளிக் காசு கேட்கும் சமாசாரம். அந்தக் காசைக் காவல் காக்கத் தானியங்கி விதிகள் வந்திருக்கின்றன. அவை சொன்னதைச் செய்கின்றன. சொல்லாததைச் செய்வதில்லை என்பதுதான் சிக்கல்.

இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டை அடுத்த புத்தடி. ஸ்பைசஸ் போர்டின் வாசனைப் பொருள் பூங்காவில் ஏலக்காய் ஏலம். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளின் கையில் மாதிரிக் காய், முன்னால் கம்ப்யூட்டர். காயை உருட்டிப் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், பொத்தானை அழுத்துகிறார்கள். விலை ஏறுகிறது. அதற்கு மேல் யாரும் அழுத்தாவிட்டால் சரக்கு கடைசியாக அழுத்தியவருக்கு. கூவி ஏலம் விட்ட காலம் போய் மின்னணு ஏலம் வந்தது 2007-ல். மலைக்குக் கீழே தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் இதே ஏற்பாடுதான். 2019 ஆகஸ்ட் 3-ம் தேதி புத்தடியில் ஒரு கிலோ ஏலக்காய் ரூ. 7,000-ஐத் தொட்டதும் இப்படி ஒரு பொத்தானின் அழுத்தலில்தான்.

அதே மலையில் இன்னொரு ஏலமும் இரவு பகலாக நடக்கிறது. அதற்குக் கூடம் கிடையாது, மாதிரிக் காயும் கிடையாது. மதுரையிலோ திருப்பூரிலோ ஒரு குடும்பம் செல்போனில் ‘தேக்கடி ரூம்’ என்று தட்டியவுடன் அது தொடங்குகிறது. அந்தச் சொல்லுக்கு விலை சொல்லி வைத்திருக்கும் குமுளி விடுதிகள், பெரிய ஹோட்டல்கள், அறை பதிவு செய்து தரும் நிறுவனங்கள் எல்லாம் அதில் போட்டி. கண் இமைப்பதற்குள் முடிவு தெரிந்துவிடுகிறது. தேடல் பக்கத்தின் உச்சியில் ‘விளம்பரம்’ என்ற குறிப்போடு ஒரு விடுதியின் பெயர் வருகிறது. யாராவது அதைத் தொட்டால் விடுதிக்காரர் கணக்கிலிருந்து காசு போகிறது. தொட்டவர் அறை எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி.

ஏலக்காய் ஏலத்தில் பொத்தானை அழுத்துவது ஒரு மனிதர். இந்த ஏலத்தில் அழுத்துவது ஒரு விதி. அந்த விதியை யார் எழுதினார், மலையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் ஒரு சின்ன விடுதியின் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

இந்த வியாபாரத்துக்கு வயது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. தேடுகிற சொல்லை ஏலம் விட்டு, கிளிக்குக்குக் காசு வாங்கும் யோசனையை 1998-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய கோடூ.காம் என்ற நிறுவனம். கூகுள் தன் ஆட்வேர்ட்ஸ் சேவையை 2000 அக்டோபரில் ஆரம்பித்தபோது விளம்பரதாரர்கள் 350 பேர்தான். கிளிக்குக்குக் கட்டணம் என்ற ஏல முறைக்கு அது மாறியது 2002-ல். 2018-ல் சேவையின் பெயர் கூகுள் ஆட்ஸ் என்று மாறியது. கூகுளின் விளம்பர வருமானம் 2024-ல் 26,400 கோடி டாலரைத் தாண்டியது. அந்த விளம்பரப் பிரிவைப் பல ஆண்டுகள் வளர்த்து 2018 வரை தலைமை தாங்கியவர் திருச்சியில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஸ்ரீதர் ராமசாமி. அவரை அடுத்துப் பொறுப்பேற்ற பிரபாகர் ராகவனும் அதே ஐ.ஐ.டி. மாணவர்.

ஏலத்தின் கணக்கு புத்தடிக்காரர்களுக்குப் புதிதல்ல. ஏலக்காய் ஏலத்தில் ஜெயிப்பவர் தன் மனதில் வைத்திருக்கும் உச்ச விலையைக் கொடுப்பதில்லை. எதிராளி நிறுத்திய இடத்துக்கு ஒரு படி மேலே கொடுத்தால் போதும். இதையே முத்திரையிட்ட கேட்பிலும் செய்யலாம் என்று 1961-ல் காட்டியவர் வில்லியம் விக்ரி. ஜெயித்தவர் தான் எழுதிய விலையைத் தராமல் இரண்டாமவர் எழுதிய விலையைத் தந்தால் போதும் என்றார். 1996-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். கூகுளின் தேடல் ஏலம் அந்த யோசனைக்கு உறவுமுறை.

ஒரு வித்தியாசம் உண்டு. விலையோடு விளம்பரத்தின் தரத்தையும் கூகுள் பார்க்கிறது. தேடியவருக்குப் பொருத்தமாக இருக்கிறதா, கிளிக் செய்வார்களா, போய்ச் சேரும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்றெல்லாம் கணித்து மதிப்பெண் போடுகிறது. சுருக்கமான கணக்கில் சொன்னால், 20 ரூபாய் கேட்கும் பெரிய ஹோட்டலின் மதிப்பெண் 4 என்றால் பெருக்கல் 80. 12 ரூபாய் மட்டுமே கேட்கும் சின்ன விடுதியின் மதிப்பெண் 8 என்றால் 96. சின்ன விடுதிதான் மேலே வரும். அது தரவேண்டியதும் 12 ரூபாய் அல்ல, எதிராளியின் 80-ஐத் தாண்டப் போதுமான 10 ரூபாயும் சில காசுகளும்தான். நாலு அறை வைத்திருப்பவருக்கும் நானூறு அறை வைத்திருப்பவருக்கும் ஒரே கூடத்தில் இடம் கிடைத்தது இதனால்தான்.

இடம் கிடைத்தது, சரி. உட்கார ஆள் வேண்டாமா? மூணாறு, குமுளி, வாகமண், நெல்லியாம்பதி என்று மலை முழுக்க வீட்டின் நாலைந்து அறைகளை ஒதுக்கி விருந்தினரைத் தங்கவைக்கும் ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன. அங்கே முதலாளியே சமையல்காரர், முதலாளியே ஜீப் டிரைவர், ரசீது எழுதுபவரும் அவரே. ராத்திரி பதினொரு மணிக்கு எந்தச் சொல்லுக்கு என்ன விலை கேட்பது என்று கம்ப்யூட்டர் முன் உட்கார அவருக்கு நேரம் கிடையாது. வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுக்கும் பெரிய பதிவு நிறுவனங்களிடம் போனால் வாடகையில் பதினைந்து, இருபது சதவீதம், சில சமயம் அதற்கும் மேல் கமிஷன் போகிறது. சொந்தமாக விளம்பரம் செய்தால் அந்தக் கமிஷன் மிச்சம். ஆனால் கவனிக்க ஆளில்லாத விளம்பரம் திறந்து விட்ட குழாய் மாதிரி.

குழாயை மூட வந்தவைதான் தானியங்கி விதிகள். ஒரு விதிக்குள் நாலு விஷயங்கள் அடக்கம். எதன் மீது என்பது முதலாவது: மொத்த விளம்பரம், ஒரு குறிப்பிட்ட விளம்பர வாசகம், ஒரு தேடுசொல். என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது: நிறுத்து, தொடங்கு, விலையை ஏற்று, பட்ஜெட்டைக் குறை, அல்லது சும்மா ஒரு ஈமெயில் அனுப்பு. எந்த நிலைமையில் என்பது மூன்றாவது: செலவு இத்தனை ரூபாயைத் தாண்டினால், பதிவு ஒன்றுகூட வராவிட்டால். எப்போது, எத்தனை நாள் கணக்கைப் பார்த்து என்பது நாலாவது: தினமும் காலை ஆறு மணிக்கு, கடந்த முப்பது நாள் கணக்கை வைத்து. இவ்வளவையும் ஒரு முறை எழுதி வைத்துவிட்டால் ஆள் தூங்கினாலும் விதி விழித்திருக்கும். விதி என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்க்கும் வசதியும், செய்தவற்றின் பதிவேடும் உண்டு.

விதி எதைக் காவல் காக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினசரி பட்ஜெட் ரூ. 300 என்று ஒருவர் வைக்கிறார். கூகுள் ஒரு குறிப்பிட்ட நாளில் அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது ரூ. 600 வரை செலவழிக்கலாம். 2017 முதல் அதுதான் ஏற்பாடு. மாதத்துக்கு மட்டும் 30.4 மடங்கு, அதாவது ரூ. 9,120-ஐத் தாண்டாது. அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ரூ. 10,761. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன விடுதிக்கு அந்த வரி திரும்ப வரப்போவதில்லை.

ஒரு கிளிக் 12 ரூபாய் என்றால் மாதம் 760 கிளிக். ஐம்பது பேரில் ஒருவர் அறை எடுத்தால் 15 பதிவுகள். வரியும் சேர்த்து ஒரு பதிவுக்கான செலவு சுமார் ரூ. 717. இரண்டு ராத்திரிக்கு ரூ. 5,000 வாடகை என்றால், 20 சதவீத கமிஷன் ரூ. 1,000 போயிருக்கும். விளம்பரத்தில் ரூ. 280 லாபம். ஆனால் ஐம்பதில் ஒருவர் என்பது நூறில் ஒருவர் என்று ஆகிவிட்டால்? பதிவு ஏழுதான். ஒவ்வொன்றுக்கும் செலவு ரூ. 1,500-ஐத் தாண்டும். கமிஷனே மேல் என்று ஆகிவிடும். லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் இருப்பது இவ்வளவு மெல்லிய கோடு. விதி காவல் காக்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

காசு வீணாகும் வழிகள் மலைக்கு மலை மாறும். ‘மூணாறு’ என்ற சொல்லை மட்டும் ஏலத்தில் எடுத்தவர், மூணாறு பஸ் நேரம் தேடியவருக்கும், மூணாறு டீ விலை தேடியவருக்கும், எஸ்டேட்டில் வேலை தேடியவருக்கும் சேர்த்துக் காசு கட்டுவார். தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் விடுதி என்பதால் ‘ஏலக்காய்’ என்ற சொல்லை ஆசையாகச் சேர்த்தால் வந்தது வினை. இடுக்கி, தேனி மாவட்டங்களில் ஏலக்காயைத் தேடுகிறவர் அன்றைய ஏல விலையைத் தெரிந்துகொள்ளத்தான் தேடுகிறார். கட்டப்பனை விவசாயி விலை பார்க்க வந்து விடுதி விளம்பரத்தைத் தொட்டால் விடுதிக்காரருக்குப் பன்னிரண்டு ரூபாய் நஷ்டம். இத்தகைய சொற்களை ‘இது வந்தால் என் விளம்பரத்தைக் காட்டாதே’ என்று விலக்குப் பட்டியலில் போட்டுவிடலாம். அதற்கு விதிகூடத் தேவையில்லை, விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

விதி எழுதுகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் வெள்ளிக்கிழமை. வார இறுதியில் கூட்டம் வரும், எனவே வெள்ளிதோறும் கேட்பு விலையை 20 சதவீதம் ஏற்று என்று எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கு என்று இன்னொரு விதி எழுத மறந்துவிடுகிறார்கள். விதிக்குப் பழைய விலை ஞாபகம் இருக்காது. இருக்கும் விலையின் மேல்தான் ஏற்றும். 10 ரூபாயில் தொடங்கிய சொல் எட்டு வெள்ளிக்கிழமைகள் போனால் 43 ரூபாயில் நிற்கும். இதற்கு மேல் போகாதே என்று உச்ச வரம்பு வைக்கும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. அதை நிரப்பாமல் விடுகிறவர் பில் வந்த பிறகுதான் விழித்துக்கொள்கிறார்.

இரண்டாவது தடுக்கல் அவசரம். இருபது கிளிக் வந்தும் பதிவு வராவிட்டால் அந்தச் சொல்லை நிறுத்து என்பது கேட்பதற்கு நியாயமான விதி. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஐம்பதில் ஒருவர் அறை எடுக்கும் நல்ல சொல்லாகவே இருந்தாலும், முதல் இருபது கிளிக்கில் ஒருவரும் எடுக்காமல் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அதாவது அந்த விதி, சோறு போடும் சொற்களில் மூன்றில் இரண்டைக் கொன்றுவிடும். 150 கிளிக் வரை பொறுத்திருந்தால் அந்தத் தவறு இருபதில் ஒன்றாகக் குறையும். பெரிய நிறுவனத்துக்கு 150 கிளிக் அரை மணி நேர விஷயம். நாலு அறைக்காரருக்கு அது மாதக்கணக்கு. அவருடைய விதி நேற்றைய கணக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூன்று மாதக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தடுக்கல்தான் எல்லையோர மலைகளுக்கே உரியது. விதிக்குக் கண்ணில் படுவது இணையப் பக்கத்தில் முடிந்த பதிவு மட்டும். ஆனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பலருக்குப் பேசிப் பார்த்தால்தான் திருப்தி. விளம்பரத்தைத் தொடுவார்கள், பக்கத்தில் நம்பரைப் பார்ப்பார்கள், போன் செய்து, ‘பாட்டி வர்றாங்க, கீழ்த்தளத்தில் ரூம் இருக்கா? ராத்திரி இட்லி கிடைக்குமா?’ என்று கேட்பார்கள். வாட்ஸப்பில் பணத்தை அனுப்புவார்கள். விதியின் கணக்கில் இது கிளிக் ஒன்று, பதிவு பூஜ்யம்.

விளைவு விபரீதமானது. கூகுள் தன் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்தது 2018-ல். விடுதிக்காரர் தமிழிலும் தேடுசொற்களைச் சேர்க்கிறார். தமிழில் தேடியவர்கள் போனில் பேசி அறை எடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் தேடியவர்கள் பக்கத்திலேயே கார்டு போட்டு முடிக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து விதி கணக்குப் பார்க்கிறது. தமிழ்ச் சொற்களை ‘பயனில்லை’ என்று ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. அறை ஏன் காலியாகிறது என்று முதலாளிக்குப் புரிவதில்லை. யாரும் திட்டமிட்டுத் தமிழை ஒதுக்கவில்லை. போன் மணி விதியின் காதில் விழவில்லை, அவ்வளவுதான். போனில் வந்த பதிவுகளை நோட்டில் குறித்து, வாரம் ஒருமுறை விளம்பரக் கணக்கில் ஏற்ற வழி இருக்கிறது. அலுப்பான வேலை. ஆனால் அதைச் செய்யாதவர் தானியங்கி விதி எழுதாமல் இருப்பதே நல்லது.

இதையெல்லாம்விடப் பெரிய பாடத்தை மலையே தந்தது. 2018 ஆகஸ்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2006-க்குப் பிறகு இரவிகுளத்தில் பூக்கவிருந்த பருவம். மூணாறு அதற்காகத்தான் காத்திருந்தது. ஆகஸ்ட் 9-ம் தேதி 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி அணையின் செருதோணி மதகு திறக்கப்பட்டது. 15-ம் தேதி கொச்சி விமான நிலையம் மூடப்பட்டது. 29-ம் தேதிதான் திறந்தது. மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் போகும் சாலையில் பெரியவரைப் பாலம் இடிந்தது. பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதி மலைப்பாதை துண்டிக்கப்பட்டது. கேரளம் முழுவதும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

அப்படி ஒரு வாரத்தில் ஒரு தானியங்கி விதி என்ன செய்யும் என்று யோசித்துப் பார்த்தால் அதன் சுபாவம் புரியும். மூணாறு செய்தியில் அடிபடுகிறது. நாடு முழுவதும் மக்கள் அந்தப் பெயரைத் தேடுகிறார்கள். சாலை இருக்கிறதா, சொந்தக்காரர் பத்திரமா, பதிவு செய்த பயணத்தை ரத்து செய்யலாமா என்று. விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கை கூடுகிறது, கிளிக்கும் கூடுகிறது. ‘கிளிக் கூடினால் பட்ஜெட்டை ஏற்று’ என்று நல்ல காலத்தில் எழுதி வைத்த விதி, இதைச் சீசன் என்று எடுத்துக்கொள்ளும். ஒருவரும் வர முடியாத மலைக்கு விருந்தினரை அழைக்கத் தாராளமாகச் செலவு செய்யும். முதலாளி மின்சாரமும் இன்டர்நெட்டும் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார். நிறுத்து என்று சொல்ல அவருக்கு வழி இருக்காது. எங்கோ தொலைவில் விதி மட்டும் விசுவாசமாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்.

பணம் போவது ஒரு பக்கம். சாலை அறுந்து கிடக்கும்போது ‘மழையில் மூணாறு! இன்றே வாருங்கள்’ என்ற வாசகம் மேலே வருவதை ஊர் மன்னிக்காது. அதை நம்பி ஒரு குடும்பம் காரை எடுத்தால் அது விளையாட்டல்ல. 2020 மார்ச்சில் மூணாறில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குக் கொரோனா உறுதியாகி மலை வெறிச்சோடியபோதும், அதே ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் புதையுண்டபோதும் இதே கேள்வி எழுந்திருக்கும். விளம்பரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? வெயிலும் மழையும் பார்த்து விலையை மாற்றும் சிறு நிரல் ஒன்றைக் கூகுளே மாதிரிக்காக வெளியிட்டிருக்கிறது. வானிலைத் தகவலைப் படித்து அது வேலை செய்யும். ஆனால் மழை பெய்கிறது என்று அதற்குத் தெரியும். கேப் ரோட்டில் பாறை விழுந்தது தெரியாது.

ஆகவே அனுபவசாலிகள் முதலில் எழுத வேண்டியது ஏற்றும் விதியல்ல, நிறுத்தும் விதி. ஒரு நாள் கிளிக் வழக்கத்தைவிட மூன்று மடங்கானால் விலையை ஏற்றாதே, நிறுத்திவிட்டு எனக்குச் செய்தி அனுப்பு. இரண்டு நாள் செலவு ஆகியும் ஒரு பதிவும், ஒரு போனும் இல்லையென்றால் நிறுத்து. மலையில் இல்லாத ஒருவரிடம், கம்பத்தில் இருக்கும் மைத்துனரிடமோ கோவையில் படிக்கும் மகளிடமோ, கணக்கை நிறுத்தும் உரிமையைக் கொடுத்து வை. மண் சரிந்து லைன் போனால் அவர் ஒரு நிமிடத்தில் வேலையை முடிப்பார்.

நல்ல செய்தி என்னவென்றால், மலையின் வழக்கமான நாட்காட்டி விதிக்கு மிகவும் ஒத்துவரும். வரையாடு குட்டி போடும் காலம் என்று இரவிகுளம் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் மூடப்படுகிறது. ‘வரையாடு பார்க்க வாருங்கள்’ என்ற விளம்பரத்தைப் பிப்ரவரியில் நிறுத்தி ஏப்ரலில் தொடங்க ஒரு விதி போதும். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகர விளக்கு வரை குமுளி வழியே சபரிமலைக்குப் போகும் கூட்டம் வேறு, தேக்கடிப் படகுக்கு வரும் கூட்டம் வேறு. முன்னவர்களுக்கு வேண்டியது ஒரு ராத்திரி, குளிக்க வெந்நீர், சைவச் சாப்பாடு. அந்த இரண்டு மாதத்துக்கு வேறு வாசகம், வேறு விலை. தேதி வைத்து மாற்றும் வேலையில் மனிதரைவிட விதி கெட்டிக்காரன். அது மறப்பதே இல்லை.

வரைபடத்திலும் மலைக்குத் தனிச் சட்டம் உண்டு. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் சாலை வழியே போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். மாவட்ட எல்லையை மட்டும் பார்த்து விளம்பரப் பரப்பைத் தேர்ந்தெடுக்கிறவர் கோவையையும் பொள்ளாச்சியையும் விட்டுவிடுவார். விளம்பரம் காட்டும் இடத்தை விடுதி இருக்கும் ஊராக வைப்பது இன்னொரு சகஜமான தவறு. மூணாறில் இருப்பவருக்கு மூணாறில் அறை எதற்கு? அறை தேவைப்படுகிறவர் போடிமெட்டுக்கும் வாளையாருக்கும் அந்தப் பக்கம் இருக்கிறார். எல்லையில் இருக்கும் மாநிலம் எது என்று மென்பொருளுக்குத் தெரியும். எந்தச் சாலை எங்கே போகிறது என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு வலி தீராது. விடுதியின் சொந்தப் பெயரையே மற்றவர் ஏலத்தில் எடுக்கலாம். பெயர் சொல்லித் தேடிவரும் பழைய விருந்தினரைப் பதிவு நிறுவனம் ஒன்று மேலே நின்று வழிமறித்து, கமிஷனோடு திருப்பி அனுப்பலாம். இந்த வழக்கை முதலில் பெரிதாக எழுப்பியவர்களில் தமிழகத்து நிறுவனம் ஒன்றும் உண்டு. பாரத் மேட்ரிமோனியை நடத்திய கன்சிம் இன்ஃபோ, தன் பெயர்களைப் போட்டியாளர்கள் தேடுசொல்லாக வாங்குவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அவை பொருளை வர்ணிக்கும் பொதுச் சொற்கள் என்று சொல்லி 2010-ல் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. மேட்ரிமோனி.காம் உள்ளிட்டோர் கொடுத்த வேறொரு புகாரில், தேடல் சந்தையில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. வணிகப் பெயரைத் தேடுசொல்லாக விற்பதில் கூகுள் வெறும் பார்வையாளர் அல்ல என்று 2023 ஆகஸ்டில் டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் குழப்பம் விளைவிக்காதவரை அப்படி வாங்குவதே குற்றமாகிவிடாது என்றும் சேர்த்தே சொன்னது. கோர்ட்டுக்குப் போக வசதியில்லாத நாலு அறைக்காரருக்குச் சிக்கனமான வழி ஒன்றுதான். தன் பெயரைத் தானே ஏலத்தில் எடுப்பது. தரமதிப்பெண் அவருக்கே அதிகம் என்பதால் விலை குறைவாகவே இருக்கும். அந்த ஒரு விளம்பரத்தை எந்த விதியும் நிறுத்தாதபடி தனியே வைத்தால் போதும். சொந்தப் பெயருக்குக் காசு கட்டுவது மனதுக்குக் கசக்கும் விஷயம்தான்.

இப்போது விதிகளுக்கே போட்டி வந்துவிட்டது. ஒவ்வொரு ஏலத்திலும் கூகுளின் இயந்திர அறிவே விலையை முடிவு செய்யும் முறைகள் 2016-லிருந்து பெருகிவருகின்றன. 2021-ல் வந்த பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸில் எந்தச் சொல், எந்த இடம் என்ற தேர்வுகளில் பெரும்பகுதியைக் கூகுளே ஏற்றுக்கொள்கிறது. முதலாளி பணத்தையும் நோக்கத்தையும் சொன்னால் போதும். ஆயிரக்கணக்கில் பதிவு நடக்கும் நிறுவனங்களுக்கு இது சௌகரியம், ஏனென்றால் இயந்திரம் பாடம் படிக்கத் தரவு வேண்டும். மாதம் பதினைந்து பதிவு வரும் வீட்டில் அது என்ன படிக்கும்? சரக்கை விற்பவரே வாங்குபவருக்காக விலையும் கேட்கிறார் என்ற சங்கடமும் இருக்கிறது. ஆகவே எழுதப்பட்ட பழைய விதிக்கு இன்னும் வேலை இருக்கிறது. அது இனி வண்டியின் எஞ்சின் அல்ல, பிரேக். மலைப்பாதையில் இரண்டில் எது முக்கியம் என்று டிரைவருக்குத் தெரியும்.

புத்தடிக் கூடத்தில் மெஷின் வந்த பிறகும் மாதிரிக் காயை யாரும் கைவிடவில்லை. திரை விலையைக் காட்டுகிறது. காய் முற்றியதா, நிறம் நிற்குமா என்பதைக் கைதான் சொல்கிறது. பொத்தான் அதற்குப் பிறகுதான். இன்டர்நெட் ஏலத்தில் விடுதிக்காரரின் கையில் இருக்கும் மாதிரிக் காய், மலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தவை: எந்தப் பாலம் மழை தாங்காது, எந்த மாதம் பூங்கா மூடும், எந்த ஊர்க்காரர் போன் செய்துதான் வருவார். அதை விதியாக எழுதிக் கொடுத்தவருக்கு மெஷின் நல்ல வேலைக்காரன். எழுதிக் கொடுக்காதவருக்கு அதுவே முதலாளி.

அடுத்த குறிஞ்சி 2030-ல். அந்த ஆண்டு மூணாறு அறைக்கான கிளிக் என்ன விலைக்குப் போகும் என்று இப்போது சொல்ல முடியாது. நிறுத்தும் விதியை இன்றைக்கே எழுதிவிடலாம்.